ஊசி இறங்கிய இடம்

துப்பறியும் வேலையில் சேர்ந்தால் கையில் துப்பாக்கி கொடுப்பார்கள் என்று டொனால்ட் மனப்பால் குடித்திருந்தான். ஈப்போவில் நல்லுசாமியின் அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவர் அவனிடம் கொடுத்தவை ஒரு குடை, ஒரு டிபன் கேரியர், வழியில் நின்று போகும் பழைய காரைத் தள்ளும் பொறுப்பு. இன்று காலை புதிதாக ஒரு சுத்தியல்.

“இன்னும் கொஞ்சம் எறக்குங்க மிஸ்டர் டொனால்ட்,” என்றாள் பார்பரா. “முளை ஆடுது பாருங்க. ஆடினா கரண்டு மண்ணுக்குள்ள சரியாப் போகாது.”

“ஆடுறது முளை இல்ல மிஸ், நான். இந்தக் குளிர்ல மண்ணுக்குள்ள படுத்திருக்கிறவன்கூட எந்திரிச்சு ஸ்வெட்டர் கேப்பான்லா.”

இதைச் சொன்னதற்காக டொனால்ட் பிறகு பல நாள் நாக்கைக் கடித்துக்கொண்டான். அப்போது அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஹாரோடேல் தேயிலைத் தோட்டத்தில், பதினோராம் நம்பர் காட்டுச் சரிவில், பனிக்குள் நின்று கடைசி முளையையும் அடித்து இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

பார்பரா இதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸரின் மகள். கோலாலம்பூரில் படித்துவிட்டு, நிலத்தடி நீரை ஆராயும் குழு ஒன்றில் வேலை பார்க்கிறாள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கெல்லாம் குடிக்க இருப்பது அடிவாரத்து ஊற்று ஒன்றுதான். அது வருஷத்துக்கு வருஷம் இளைத்துக்கொண்டே வருகிறது. போதாக்குறைக்குச் சரிவைக் குடைந்து புது லோரிப் பாதை போடப்போகிறார்களாம். பெய்கிற மழை எந்த இடத்தில் மண்ணுக்குள் இறங்கி ஊற்றுக்குப் போகிறது என்று காட்டிவிட்டால், அந்த இடத்தில் மட்டும் கை வைக்காமல் விடுவதாகத் தோட்டத்துத் துரை வாக்குக் கொடுத்திருக்கிறார்.

அதைக் கண்டுபிடிக்க அவள் வைத்திருப்பது நாலு இரும்பு முளை, ஒரு சுருள் வயர், ஒரு பேட்டரி, ஊசி வைத்த ஒரு பெட்டி. வெளியே இருக்கும் இரண்டு முளைகளின் வழியாக மண்ணுக்குள் கரண்டை விடுவாள். உள்ளே இருக்கும் இரண்டும் அது எவ்வளவு சிரமப்பட்டுப் போகிறது என்று பெட்டிக்குச் சொல்லும். காய்ந்த மண் கரண்டை மறிக்கும், ஊசி மேலே நிற்கும். ஈர மண் வழி விடும், ஊசி இறங்கும். முளைகளை நெருக்கி அடித்தால் மேல் மண்ணின் சங்கதி, தள்ளித் தள்ளி அடித்தால் ஆழத்துச் சங்கதி. ஒரே இடத்தை வெயிலிலும் அளந்து மழைக்குப் பிறகும் அளந்தால், தண்ணீர் போகிற வழி பிடிபட்டுவிடும்.

இதற்கும் துப்பறிவதற்கும் என்ன சம்பந்தம் என்று டொனால்டும் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். பாறை ஒன்றின் மேல் தொப்பியோடு உட்கார்ந்திருந்த நல்லுசாமி, வாயில் இருந்த பல்குச்சியை இடத்திலிருந்து வலத்துக்கு மாற்றினார். போலீஸில் சார்ஜன்டாக இருந்த காலத்திலிருந்தே அவருக்கு அந்தப் பழக்கம்.

சம்பந்தம் இருந்தது. அதன் பெயர் சிங்காரம்.

போன வருஷம், எழுபத்தொன்பதில், பார்பராவுக்கு இதே முளைகளை அடித்துக் கொடுத்தவன் சிங்காரம்தான். ஐப்பசி மழையில் இரண்டாம் தடவை அளந்து முடித்து அவள் கீழே இறங்கினாள். கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளைக் காணோம். தானா ராத்தா பாசாரில் ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு தாப்பா பக்கம் ஓடிவிட்டான் என்று தோட்டமே சொன்னது. அவன் மனைவி இராசம்மா மட்டும் நம்பவும் முடியாமல் நம்பாமல் இருக்கவும் முடியாமல் பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்தாள்.

“உசுரோட இருக்காரா, எங்க இருக்காருன்னெல்லாம் நான் கேக்கல ஐயா,” என்றாள் அலுவலகத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து. “என்னை வேணாம்னு விட்டுட்டுப் போனாரா, இல்லையா. அத மட்டும் கண்டுபிடிச்சிச் சொல்லுங்க.”

ஓடிப்போன புருஷன் கேஸ் என்றால் வாசலோடு திருப்பி அனுப்புகிற நல்லுசாமி, அன்றைக்குத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

நேற்றுச் சாயங்காலம் லயத்தில் அவள் வீட்டில் டீ கொடுத்தாள்.

“சீனி போதுமாங்க ஐயா? மார்கழியில வந்திருந்தீங்கன்னா இதக் குடிச்சிருக்க முடியாது. ஊத்துத் தண்ணி ஒரே கரிப்பு. பால் ஊத்துனா திரிஞ்சு போகும்.”

நல்லுசாமி கோப்பையைக் கீழே வைத்தார். “இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் கரிச்சிருக்கா?”

“நான் பொறந்ததுலேர்ந்து இல்ல. தை பொறந்ததும் கொஞ்சம் கொஞ்சமாச் சரியாயிருச்சு. ஆண்டியப்பன் கங்காணி திருடுன உரத்தை மேல காட்டுல எங்கயோ பொதைச்சு வச்சிருக்காரு, அது மழையில கரைஞ்சு எறங்குதுன்னு பேசிக்கிட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்கும் கங்காணிக்கும் அந்த உரத்தால சண்டைகூட வந்துச்சு.”

நல்லுசாமி பல்குச்சியை இடம் மாற்றினார். ஓடிப்போனவன் ஒருவன், அவனோடு சண்டை போட்டவன் ஒருவன், அதற்கடுத்த மாதம் கரித்த தண்ணீர். டொனால்டுக்கே கங்காணி மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. ஆனால் காலையில் நல்லுசாமி அவனைக் கூட்டிப் போனது கங்காணியிடம் இல்லை, பார்பராவிடம்.

வாசற்படியில் இராசம்மாவின் தம்பி வீரப்பன் உட்கார்ந்திருந்தான். திரிங்காப் தோட்டங்களிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கீழே போகும் லோரி அவனுடையது. மச்சான் பஸ் ஏறியதைக் கண்ணால் பார்த்தவனும் அவன்தான்.

“எந்த எடத்துலப்பா பார்த்தே?” என்றார் நல்லுசாமி.

“தாப்பா பஸ்ல ஏறுனாரு சார். பக்கத்துல ஒரு பொம்பள.” தரையைப் பார்த்தே சொன்னான்.

“இவன் வந்து சொன்ன மறுநா, கொழுந்து கிள்ளப் போன எடத்துல கூடைய எறக்கி வச்சேன்,” என்றாள் இராசம்மா. அவள் குரல் மாறிவிட்டது. “பதினோராம் நம்பர்ல, அந்தப் பாறையோரமா நின்னு, மண்ணை வாரித் தூத்துனேன் ஐயா. நீ வெளங்காமப் போ, எடுத்துப் போட ஆளில்லாமச் சாவுன்னு. அதுக்கப்புறம் தினமும் திட்டுறேன். திட்டாமத் தூக்கம் வரமாட்டேங்குது.”

வீரப்பன் எழுந்து வெளியே போய்விட்டான்.

பேச்சை மாற்ற டொனால்ட் சுவரைப் பார்த்தான். மாலை போட்ட கிழவர் படம் ஒன்று. “மாமனாரு,” என்றாள். “எங்க வகையறாவுல எரிக்கிறதில்ல தம்பி, பொதைக்கிறதுதான்.” அதற்குப் பக்கத்தில் வரிசையாகக் காவடிப் படங்கள். எல்லாவற்றிலும் வீரப்பன், வருஷா வருஷம் மீசை மட்டும் வளர்ந்திருந்தது.

“இந்த வருஷத்துப் படம் எங்கக்கா? தைப்பூசம் முடிஞ்சிருச்சே.”

“இந்த வருஷம் அவன் எடுக்கல தம்பி. முதுகு வலின்னுட்டான். கோயில் வாசல்கூட மிதிக்கல.”

வெளியே வந்தபோது வீரப்பன் லோரியில் முட்டைக்கோஸ் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. டொனால்ட் நல்லுசாமியின் காதோரம் குனிந்து, “முதுகு வலிக்கு முட்டைக்கோஸ்தான் மருந்து போல, பாஸ்,” என்றான்.

நல்லுசாமி சிரிக்கவில்லை. நகைச்சுவை எடுபடவில்லை என்று டொனால்ட் அதை அப்போதே மறந்துவிட்டான்.

“மிஸ்டர் டொனால்ட்! முளையைத் தொடாதீங்க, கரண்டு விடுறேன்!”

பார்பரா குமிழைத் திருகினாள். ஊசி லேசாக நடுங்கியது. பிறகு யாரோ கையைப் பிடித்து இழுத்தது போல விறுவிறுவென்று கீழே இறங்கியது. அவள் முகம் சுருங்கியது. வயர்களைக் கழற்றி மாட்டி மறுபடியும் பார்த்தாள். மறுபடியும் அதே இறக்கம்.

“இது தப்பாச்சே,” என்றாள். “இது மழையில்லாத காலம், ஊசி மேல நிக்கணும். போன வருஷம் மழையிலகூட இங்க இவ்ளோ எறங்கல. வெயில்ல அளந்தப்ப சிங்காரம் அண்ணன் இதே எடத்துல நின்னுதான், ‘மண்ணு உங்களுக்கு வழி விடமாட்டேங்குதும்மா’ன்னு சிரிச்சாரு.”

“இப்ப வழி விடுது,” என்றார் நல்லுசாமி பாறையிலிருந்து இறங்கி. “எவ்வளவு ஆழத்துலேர்ந்து?”

பார்பரா முளைகளைத் தள்ளி அடிக்கச் சொன்னாள். டொனால்ட் முனகிக்கொண்டே அடித்தான். ஊசி கொஞ்சம் ஏறியது. இன்னும் தள்ளி அடித்ததும் இருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றது. ஆழத்தில் ஒன்றுமில்லை, மேல் மண்ணில்தான் ஏதோ இருக்கிறது. இடப்பக்கம் நகர்த்தினால் இல்லை, வலப்பக்கமும் இல்லை. கீழ்ப்பக்கம் மட்டும் சரிவோடு சரிவாக, லயத்துப் பக்கம் பார்த்து வால் போல நீண்டுகொண்டே போனது.

“உரமா மிஸ்?” என்றான் டொனால்ட். “கங்காணி மூட்டை?”

“உரமா இருக்கலாம், உப்பா இருக்கலாம். தண்ணியில கரையிற எதுவா இருந்தாலும் கரண்டுக்குக் கொண்டாட்டம்தான். சில பேரு முளையோரமா உப்புத் தண்ணி ஊத்துவாங்க, நான் வெறும் தண்ணிதான் ஊத்துவேன், அதனால என்னோடது இல்ல.” சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். வாலின் நுனியிலிருந்து அடிவாரத்து ஊற்றுவரை கையை நீட்டினாள். அவள் கண்கள் விரிந்தன. “அங்கிள்! இங்க போட்டது மழையோட எறங்கி ஊத்துல கரிச்சிருக்குன்னா, இங்க விழுற மழைதான் ஊத்துக்குப் போகுது! ரெண்டு வருஷமா நான் தேடுற எடம் இதுதான்!”

பக்கத்துச் சரிவில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினாள். “ஊத்துக்குத் தண்ணி எறங்குற எடம் கெடைச்சிருச்சி!”

பெண்கள் கூடைகளோடு நிமிர்ந்து கையாட்டினார்கள். அவர்களில் ஒருத்தி இராசம்மா. அவளும் கையாட்டினாள்.

நல்லுசாமி அதையெல்லாம் கவனிக்கவில்லை. ஊசி இறங்கிய இடத்துத் தேயிலைச் செடிகளின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். மூன்று செடிகளின் இலை நுனி கருகியிருந்தது. நடுச்செடி வரிசையை விட்டு ஒரு சாண் விலகி நின்றது. தோட்டத்தில் செடி நடுகிறவர்கள் கயிறு கட்டி நடுவார்கள். இது பிடுங்கி, பிறகு கண்மட்டத்தில் திரும்ப நட்ட செடி.

“தோண்டு,” என்றார்.

“துப்பாக்கி கொடுங்க பாஸ்னு கேட்டேன். காலையில சுத்தியல், இப்ப சங்கூல்.” டொனால்ட் மண்வெட்டியை வாங்கிச் செடியைப் பக்குவமாகப் புரட்டிவிட்டு வெட்டினான். மண் இளகியிருந்தது, கல் தட்டவில்லை. முழங்கை ஆழம் போனதும் கறுப்பு மண்ணில் வெள்ளையாகப் படலம் தெரிந்தது.

“மாட்டுனாரு கங்காணி!” டொனால்ட் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கூவினான். “பாஸ், இத்தோட கேஸ் குளோஸ். உரத்தைத் திருடினாரு, சிங்காரம் பார்த்துட்டாரு, பயமுறுத்தி ஊரை விட்டே வெரட்டிட்டாரு. இராசம்மா அக்காகிட்டப் போயி, உங்க வீட்டுக்காரரு ஓடல, வெரட்டுனாங்கன்னு சொல்லிடலாம். சாயங்கால பஸ்ஸப் பிடிச்சா ராத்திரிக்கு வீட்டுல கோழிக்கறி.”

நல்லுசாமி அந்த வெள்ளையைக் கிள்ளி நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். கீழே துப்பினார்.

“உரம் இல்ல. கல்லுப்பு.”

“உப்பா? உப்ப எவன் திருடி பொதைப்பான்?”

நல்லுசாமி குழிக்குள் இறங்கி, கையாலேயே மண்ணை ஒதுக்கினார். உப்புக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ கட்டியாக வந்தது. முகர்ந்து பார்த்தார். விபூதி. அதற்குக் கீழே ஒரு வேட்டிக் கரை. மண் ஏறிப் பழுத்திருந்தாலும் ஒரு தடவைகூடத் துவைக்காத புது வேட்டி என்று தெரிந்தது.

அவர் தொப்பியைக் கழற்றினார். “போதும். நிறுத்து.”

டொனால்ட் தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டான். பார்பரா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சற்று முன்பு சந்தோஷத்தில் கத்திய அதே வாய்.

“நீங்க ஆபீசுக்குப் போயி தானா ராத்தா போலீசுக்குப் போன் பண்ணுங்கம்மா,” என்றார் நல்லுசாமி மெதுவாக. அவள் வழியெல்லாம் தடுமாறிக்கொண்டே இறங்கிப் போனாள்.

“கங்காணி கொன்னுட்டாரா, பாஸ்?”

“கொல்றவனுக்கு இந்த மலையில பள்ளமா இல்ல? உருட்டி விட்டா காடு மூடிக்கும். இங்க பொதைச்சவன் புது வேட்டி சுத்தியிருக்கான். விபூதி வச்சிருக்கான். ஒரு மூட்டை உப்பக் கொட்டியிருக்கான். சில வகையறாவுல அப்படித்தான் டொனால்ட், உப்பும் விபூதியும் போட்டுத்தான் குழி மூடுவாங்க. போடாட்டி பொதைச்சதாவே கணக்கில்ல. இவன் மறைக்கணும்னு குழி வெட்டியிருக்கான். ஆனா மொறை தப்ப மனசு வரல. அந்த உப்புதான் கரைஞ்சு எறங்கி ஊத்தையும் கரிக்க வச்சு, இந்த ஊசியையும் எறக்கியிருக்கு.”

“மொறை தெரிஞ்சவன்னா...”

“நேத்து முட்டைக்கோஸ்னு ஒரு ஜோக் அடிச்சியே. திரும்பச் சொல்லு.”

டொனால்ட் வாயைத் திறந்தான். முதுகு வலி. காவடி எடுக்கவில்லை. கோயில் வாசல்கூட மிதிக்கவில்லை. தலையில் ஒரு கூடை, இடுப்பில் ஒரு கூடை.

“குழியில கையால மண்ணு தள்ளுனவன் ஒரு வருஷம் காவடி தொடமாட்டான்,” என்றார் நல்லுசாமி. “வீட்டுல சாவு விழாதப்ப வீரப்பன் மட்டும் எதுக்குத் தீட்டுக் காக்கிறான்னு நேத்தே எனக்கு உறுத்துச்சு. தப்பா இருக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன். போயி அவனக் கூட்டியா.”

போக வேண்டியிருக்கவில்லை. கீழே பாதையில் லோரி நின்றிருந்தது. கதவு திறந்தே கிடந்தது. வீரப்பன் செடிகளுக்கு நடுவே ஏறி வந்துகொண்டிருந்தான். பிடுங்கிக் கிடந்த செடியைப் பார்த்தான், குழியைப் பார்த்தான், அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

“எப்படிப்பா?” என்றார் நல்லுசாமி.

“லோரிய அந்த வளைவுல திருப்பணும் சார். மச்சான்தான் எறங்கி, பின்னால தட்டிக்கிட்டே வந்தாரு. கோஸ்தான், கோஸ்தான்னு.” பின்னால் வா என்பதற்கு அந்த மலையில் எல்லா டிரைவர்களும் சொல்லும் வார்த்தை அது. “ஒரே பனி. கண்ணாடியில ஒண்ணும் தெரியல. தட்டுற சத்தம் நின்னுச்சு. ஏறிட்டாரு போலன்னு நெனச்சேன். நிறுத்தியிருக்கணும்லா சார்? நிறுத்தலியே. சக்கரம் மேல ஏறுனப்புறந்தான் தெரிஞ்சுச்சு.”

“உப்பு?”

“திரிங்காப் தவுக்கே, அந்தச் சீன மொதலாளி, கீரைய உப்புல ஊறப் போடக் கேட்ட மூட்டை. லோரியிலயே கெடந்துச்சு. வேட்டி நான் காவடிக்குன்னு எடுத்து வச்சிருந்தது.” கையைப் பார்த்துக்கொண்டான். “ஞாயித்துக்கெழமை, காட்டுல ஒரு ஆளில்ல. இருட்டுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு.”

டொனால்டால் பொறுக்க முடியவில்லை. “ஜெயிலுக்குப் பயந்துதானே மறைச்சே? அதுக்காக ஒரு பொம்பளையக் கட்டிவிட்டு, அக்காவ இத்தன நாளா இப்படிப் புழுங்க விட்டியே!”

“மொதல்ல பயந்தேன். பொய் சொல்ல மாட்டேன் அண்ணே. சொல்லிடலாம்னுதான் வீட்டுக்குப் போனேன். அக்கா தலை சீவிப் பூ வச்சிக்கிட்டு வாசல்ல நிக்குது. ‘உன் மச்சான் எங்கடா’ன்னு சிரிச்சிக்கிட்டே கேட்டுச்சு. அந்தக் கழுத்துத் தாலிய என் கையாலயா எறக்குறது? ஓடிப்போனவன் பொண்டாட்டின்னா பொட்டு வச்சிக்கலாம். கல்யாண வீட்டுல முன்னால நிக்கலாம். திட்டிக்கிட்டே இருந்தாலும் சுமங்கலியா இருந்துட்டுப் போகட்டும்னு...”

கூடை சரிந்து விழும் சத்தம் கேட்டது. மூவரும் திரும்பினார்கள்.

இராசம்மா நின்றுகொண்டிருந்தாள். ஆட்கள் நிற்பதைப் பார்த்து, தண்ணீர் இறங்கும் இடத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள். கொழுந்தெல்லாம் அவள் காலடியில் கொட்டிக் கிடந்தது.

“பஸ்ல ஏறுனது?” என்றாள் தம்பியைப் பார்த்து.

“பொய்க்கா.”

“அந்தப் பொம்பள?”

“யாருமே இல்லக்கா.”

“அப்ப என்னைய விட்டுட்டுப் போகல.” சொல்லும்போது அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. கல்யாணப் பெண்ணின் முகம்போல அப்படி ஒரு வெளிச்சம். அழுதிருந்தால்கூட டொனால்டால் தாங்கிக்கொண்டிருக்க முடியும்.

பிறகுதான் அவள் குழியைப் பார்த்தாள். குழிக்குப் பக்கத்தில் இருந்த பாறையைப் பார்த்தாள். அந்த வெளிச்சம் போய்விட்டது.

“இங்கதான நின்னேன்,” என்றாள். “இந்த மண்ணத்தான வாரித் தூத்துனேன். நீ லோரியில உக்காந்து பாத்துக்கிட்டுத்தானடா இருந்தே?”

“பாத்தேன்க்கா.” வீரப்பன் மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். “அன்னைக்கே சொல்லியிருக்கணும்க்கா.”

“எடுத்துப் போட ஆளில்லாமச் சாவுன்னேனே. அவரு மேலயே நின்னுக்கிட்டு.”

“ஆளில்லாம இல்லக்கா. நான் இருந்தேன். உப்பு, விபூதி எல்லாம் போட்டேன்க்கா. மொறை தப்பல.”

இராசம்மா குனிந்து ஒரு கை மண்ணை வாரினாள். கை தலைக்கு மேலே போனது. தம்பி மேல்தான் தூற்றப்போகிறாள் என்று டொனால்ட் நினைத்தான். வீரப்பனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், தலையைக் குனிந்து காத்திருந்தான். அந்தக் கை வெகு நேரம் மேலேயே நின்றது. மண் விரலிடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து அவள் தலையிலேயே விழுந்தது. பிறகு அவள் குழியோரம் மண்டியிட்டாள். கையைத் தாழ இறக்கி, கையில் மிச்சமிருந்ததைத் தூங்குகிறவர் மேல் போர்வையை இழுத்துவிடுவது போல வேட்டிக் கரை மேல் வைத்தாள்.

போலீஸ் வரும்வரை குழியில் யாரும் கை வைக்கக் கூடாது. நல்லுசாமிக்குத் தெரியாத சட்டமா? அவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார்.

பார்பரா மூச்சு வாங்க ஏறி வந்தாள். இராசம்மா இருந்த நிலையைப் பார்த்து அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் முளைகளில் மாட்டியிருந்த வயரைச் சுருட்டத் தொடங்கினாள். பெட்டியின் கண்ணாடிக்குள் ஊசி அசையாமல் படுத்திருந்தது.

“பார்பராம்மா,” என்றாள் இராசம்மா தலையை உயர்த்தாமல். “மழை உள்ள எறங்குற எடம் இதுன்னு கத்துனீங்களே. மண்ணுக்குள்ள நடக்கிறதெல்லாம் இந்தப் பொட்டி சொல்லும்னு அவருகூடச் சொல்லுவாரு. நான் இங்கன நின்னு திட்டுனனே, அதுவும் எறங்கியிருக்குமா?”

பார்பரா உதட்டைக் கடித்துக்கொண்டு டொனால்டைப் பார்த்தாள். நல்லுசாமி திரும்பவில்லை. வானத்துக்குக் கீழே எதைக் கேட்டாலும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருப்பவன் டொனால்ட். அவன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய்க் குந்தினான்.

“எறங்காதுக்கா,” என்றான். “தண்ணி மட்டுந்தான் எறங்கும்.”

அது உண்மையா என்று அவனுக்குத் தெரியாது. கீழே வளைவில் போலீஸ் ஜீப் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. இராசம்மா அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் தம்பியின் சட்டையைப் பிடித்துக் குழியோரம் இழுத்து உட்கார வைத்தாள். அவன் கையில் ஒரு பிடி மண்ணைத் திணித்துவிட்டு, தனக்கும் ஒரு பிடி எடுத்துக்கொண்டாள்.